க்ரீன் டீ சென்டுக்குள் டீ எங்கே இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு வேலை செய்து பார்த்தேன். மேசையில் ஒரு பக்கம் ஒரு கப் க்ரீன் டீ, ஆவி பறக்கப் பறக்க. இன்னொரு பக்கம் 'க்ரீன் டீ' என்று பெயர் போட்ட ஒரு சென்ட், நீளமாகக் கத்தரித்த காகிதத் துண்டில் இரண்டு முறை அடித்தது. இதை முகர்ந்து அதை, அதை முகர்ந்து இதை என்று பத்து நிமிடம் போனது. கப்பில் இருந்து வந்தது வெந்த கீரை, ஈர வைக்கோல், அடியில் லேசாகக் கடற்பாசி. காகிதத்தில் இருந்து வந்தது எலுமிச்சைத் தோல், அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒரு மெல்லிய பூ, குளித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் நிற்பது மாதிரி ஒரு சுத்தம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கப்பை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதத்தை மட்டும் முகர்ந்தால், மனசு தயங்காமல் 'டீ' என்கிறது.

இந்த மாதிரி சென்ட்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "இதில் க்ரீன் டீ சாறு இருக்கிறது, சருமத்துக்கு நல்லது" என்பது ஒரு கட்சி. "டீயாவது ஒன்றாவது, எல்லாம் கெமிக்கல், சும்மா பெயர் வைத்து விற்கிறார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் தடுக்கி விழுவது ஒரே கல்லில்தான். டீயின் மணம் என்பது இலைக்குள் ஒரு பொருளாக உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்து பாட்டிலில் ஊற்றினார்களா இல்லையா என்பதுதான் கேள்வி என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது படம் வரைகிற வேலை. யார் வரைந்தார்கள், எதை வைத்து வரைந்தார்கள், எந்தக் கோணத்தில் வரைந்தார்கள் என்று தெரிந்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

முகர்வது எது, குடிப்பது எது

வாசனை என்பது பறக்கிற சரக்கு. ஒரு பொருளில் இருந்து மூலக்கூறுகள் கிளம்பி, காற்றில் ஏறி, மூக்கின் உள் உச்சியில் இருக்கும் ஏற்பிகளைத் தொட்டால்தான் நமக்கு மணம் தெரியும். பறக்காத பொருள் மூக்கைப் பொறுத்தவரை இல்லாத பொருள். உப்பையும் சர்க்கரையையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள், எது எது என்று சொல்ல முடியாது. நாக்குக்கு அவை இரண்டு துருவங்கள், மூக்குக்கு இரண்டும் ஒன்றே. இப்படிச் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் பறக்கக்கூடியவற்றை 'ஆவியாகும் சேர்மங்கள்' என்பார்கள். சென்ட் என்றாலே இவற்றின் கலவைதான்.

க்ரீன் டீயைப் பற்றி நாம் வழக்கமாகக் கேள்விப்படும் பெயர்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். துவர்ப்பும் கசப்பும் தருகிற கேட்டகின்கள், தூக்கத்தை விரட்டுகிற காஃபீன், நாக்கில் ஒரு நிறைவைத் தருகிற தியனைன் எல்லாம் குடிக்கும்போது வேலை செய்கிறவை. இவற்றில் எதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. டீயின் உடல்நலப் பெருமையை யாராவது பேசினால் அது பெரும்பாலும் கேட்டகின்களைப் பற்றிய பேச்சு. அந்தக் கேட்டகின்கள் சென்டின் மணத்தில் துளியும் பங்கு எடுப்பதில்லை.

அப்படியானால் டீக்கு மணம் எங்கிருந்து வருகிறது? இலையின் எடையில் மிகச் சிறிய பங்காக இருக்கும் ஆவியாகும் சேர்மங்களில் இருந்து. உலர்ந்த இலையின் எடையில் இவை சுமார் 0.01 சதவீதம்தான். ஒரு கிலோ இலையில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகைக்குள் 600-க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

கறுப்பு டீ, க்ரீன் டீ, ஒயிட் டீ எல்லாம் ஒரே செடியின் இலை, கமேலியா சினென்சிஸ். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். க்ரீன் டீக்கு இலையைப் பறித்தவுடன் சூடு காட்டி, அது கறுத்துப் போகாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் நீராவியில் வாட்டுகிறார்கள், அதனால் பச்சையும் கடல் வாசமும் தூக்கலாக நிற்கும். சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள், அதனால் லேசாகப் பருப்பு வறுத்த மணம் சேரும். 'க்ரீன் டீ வாசனை' என்று ஒருமையில் சொல்வதே கொஞ்சம் துணிச்சலான காரியம் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழிந்து எடுத்தால் என்ன?

எலுமிச்சைத் தோலை மடக்கி அழுத்தினால் பொடிப்பொடியாக எண்ணெய் தெறிக்கும். அந்த எண்ணெயே எலுமிச்சையின் மணம். லாவெண்டர் பூவை நீராவியில் வடித்தால் மேலே எண்ணெய் மிதக்கும். இப்படித் தாவரத்தில் இருந்து நேராகக் கிடைக்கும் மணச் சாரத்தை 'நறுமண எண்ணெய்' என்கிறோம். இவற்றைப் பார்த்துப் பழகியதால்தான் டீ இலையையும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றுகிறது.

செய்யலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். எலுமிச்சைத் தோலில் எண்ணெய்க்கென்று தனிப் பைகள் இருக்கின்றன, டீ இலையில் அப்படி எதுவும் இல்லை. நீராவியில் வடித்தால் பெயருக்குத்தான் ஏதாவது தேறும். அதனால் வேறு வழியில் போகிறார்கள். ஒரு கரைப்பானில் இலையை ஊறவைத்து, மணத்தைக் கரைய விட்டு, பிறகு கரைப்பானை ஆவியாக்கினால் கெட்டியான கரும் பசை ஒன்று மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து எடுப்பதற்கு 'அப்சல்யூட்' என்று பெயர். டீ அப்சல்யூட் உண்மையாகவே விற்பனைக்கு இருக்கிறது, சில சென்ட்களில் சேர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அதன் மணம் காய்ந்த வைக்கோல், புகையிலை, கொஞ்சம் தோல் என்று இறுக்கமாக இருக்கும். ஒரு மழைநாள் கதகதப்பு வேண்டுமென்றால் அருமையான சரக்கு. 'க்ரீன் டீ' என்ற பெயரைக் கேட்டதும் நாம் எதிர்பார்க்கிற குளிர்ச்சிக்கும் லேசுக்கும் அது நேர் எதிர்.

சரி, பிழிய முடியாவிட்டால் மணத்தைத் தருகிற அந்த ஒரு மூலக்கூறைத் தனியே தயாரித்துவிடலாமே? வாழைப்பழத்துக்கு அது நடக்கிறது. ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒற்றை மூலக்கூறை முகர்ந்தால் யாரும் 'வாழைப்பழம்' என்று சொல்லிவிடுவார்கள், மிட்டாயில் வருவது அதுதான். வனிலாவுக்கு வனிலின். ஆனால் டீக்கு அப்படி ஒரு தலைவன் இல்லை. 600 பேர் கொண்ட கூட்டத்தில் 'நான்தான் டீ' என்று கையைத் தூக்க ஒருவரும் கிடையாது. சேர்ந்து நின்றால்தான் டீ.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: டீயின் சத்து என்று நாம் பேசுபவை மணப்பதில்லை. மணப்பவை மிகக் குறைவு. பிழிந்தால் கிடைப்பது வேறு மாதிரி மணக்கிறது. ஒற்றை மூலக்கூறில் அடக்கவும் முடியாது. அப்புறம் எப்படித்தான் செய்தார்கள்?

மிமிக்ரி கலைஞரின் வழி

ஒரு பிரபலத்தின் குரலை மேடையில் எடுத்துக் காட்டுகிற மிமிக்ரி கலைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் குரலின் எல்லா அதிர்வெண்களையும் நகல் எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. ஒரு இழுவை, ஒரு தொண்டைச் செருமல், வாக்கியக் கடைசியில் ஒரு தூக்கல் என்று இரண்டு மூன்று அடையாளங்களை மட்டும் பிடிக்கிறார். மிச்சத்தை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. இரண்டு குரல்களையும் ஒலிப்பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் மேடையில் அந்த விநாடியில், அது அவரேதான்.

சென்ட் செய்பவர்களும் அப்படித்தான். சில பொருட்களைச் சரியான அளவில் சேர்க்கும்போது, தனித்தனியாக எதிலும் இல்லாத ஒரு புது மணம் பிறக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாவது போல. அந்தச் சேர்க்கைக்கு 'அக்கார்டு' என்று பெயர். இசையில் பல சுரங்கள் ஒன்றாக ஒலித்து ஒரே ஒலியாகக் கேட்பதற்கும் அதே பிரெஞ்சுச் சொல்தான். க்ரீன் டீ சென்டில் இருக்கிற டீ ஒரு அக்கார்டு.

அந்த அக்கார்டைப் பலரும் அறிய வைத்தவர் ஜான்-க்ளோத் எல்லெனா என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர். பாரிஸில் மரியாஜ் ஃப்ரேர் என்று 1854-ல் தொடங்கிய டீக் கடை ஒன்று உண்டு. அங்கே உலர்ந்த டீ இலைகள் இருக்கும் டின்களைத் திறந்து திறந்து முகர்ந்ததில் இருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. அதை வைத்து அவர் செய்த வடிவம் முதலில் வேறு இடத்தில் நிராகரிக்கப்பட்டது. பிறகு நகைகளுக்குப் பெயர் போன இத்தாலிய நிறுவனமான புல்காரி, தன் முதல் சென்டாக அதை எடுத்துக்கொண்டது. 1992-ல் வந்த அதன் பெயர் 'ஓ பர்ஃப்யூமே ஓ தே வேர்'. 'தே வேர்' என்றால் பிரெஞ்சில் க்ரீன் டீ.

டின்களை முகர்ந்தார் என்ற விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

எல்லெனா டீயின் பக்கத்தில் போகப் பயன்படுத்திய முதுகெலும்பு இரண்டே மூலக்கூறுகள். பீட்டா-அயனோன் ஒன்று, ஹெடியோன் இன்னொன்று. முதலாவது வயலெட் பூவின் மணம் கொண்டது. இரண்டாவது மல்லிகையின் காற்றோட்டமான பக்கம். வயலெட்டும் மல்லிகையும் சேர்ந்தால் பூங்கொத்துதானே வரவேண்டும், டீ எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அயனோன்: வயலெட்டில் இருந்து டீக்கு

வயலெட்டின் மணத்தைப் பூவில் இருந்து எடுப்பது கட்டுப்படியாகாத வேலையாக இருந்தது. 1893-ல் டீமன், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள், வயலெட் மாதிரியே மணக்கும் ஓரிஸ் கிழங்கின் (ஐரிஸ் செடியின் கிழங்கு) மணத்தை ஆராயப் போய், வழியில் அயனோனைத் தயாரித்தார்கள். அதற்கு மூலப்பொருளாக நின்றது சிட்ரால், எலுமிச்சைப்புல்லில் நிறைய இருக்கிற அதே சரக்கு. எலுமிச்சை வாசத்தில் தொடங்கி வயலெட்டில் போய் முடிகிற அந்த வேதிவினைதான் வயலெட் சென்டை எல்லோருக்கும் எட்டக்கூடியதாக ஆக்கியது.

இதில் டீ எங்கே வந்தது? பச்சை இலைகளில் பச்சையத்தோடு கூடவே கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமியும் இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருகிற அதே பீட்டா-கரோட்டின். அது 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி, பறக்காது, மணக்காது. இலை வாடி, சூடு பட்டு, உலரும்போது அந்தச் சங்கிலி உடைகிறது. நுனியில் இருந்து 13 கார்பன் கொண்ட ஒரு துண்டு கழன்று விழுந்தால் அதுதான் பீட்டா-அயனோன். நிறமாக இருந்தது மணமாக மாறுகிறது. ஆக, வயலெட் மூலக்கூறு டீ இலைக்குள் இயல்பாகவே இருக்கிறது, யாரும் வெளியே இருந்து கொண்டுவந்து போட்டதில்லை.

அளவு மிகக் குறைவுதான். ஆனால் நம் மூக்கு அதற்கு மிகவும் கூர்மையானது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7 நானோகிராம் இருந்தாலே மனிதர் உணர முடியும் என்று அளந்திருக்கிறார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று. அதனால்தான் உலர்ந்த டீ இலையின் டின்னைத் திறந்ததும் இனிப்பாக, பொடிப்பொடியாக, பூவா பழமா என்று தெரியாத ஒன்று முகத்தில் வீசுகிறது.

ஹெடியோன்: வாசனைக்கு நடுவே ஒரு ஜன்னல்

மல்லிகையின் மணத்தில் மெத்தைல் ஜாஸ்மோனேட் என்று ஒரு சேர்மம் உண்டு. டீ இலையிலும் அது இருக்கிறது. ஹெடியோன் அதன் நெருங்கிய உறவு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் கூடுதல். ஃபிர்மெனிச் என்ற சுவிஸ் நிறுவனத்தில் உருவான இந்த மூலக்கூறின் பெயர், 'இன்பம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் 1966-ல் டியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'ஓ சோவாழ்' சென்டில் இதைப் பயன்படுத்திய பிறகு உலகம் இதைக் கவனித்தது. இன்று சந்தையில் இருக்கும் சென்ட்களில் ஹெடியோன் இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹெடியோனைத் தனியாக முகர்ந்தால் பலர் "இதில் ஒன்றும் இல்லையே" என்பார்கள். லேசாக மல்லிகை, லேசாக எலுமிச்சை, நிறைய வெற்றிடம். அதன் திறமை மற்ற மணங்களுக்கு இடையே இடைவெளி உண்டாக்குவது. புழுக்கமான அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி. அயனோன் தனியாக நின்றால் பவுடர் டப்பா மாதிரி அடைசலாக இருக்கும். பக்கத்தில் ஹெடியோனைக் கொண்டுவந்தால் அந்தப் பவுடர் காற்றாகி, ஈரமாகி, கொதித்த நீரின் மேல் எழும் ஆவி மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு காகிதத் துண்டுகளில் ஒன்றில் இது, ஒன்றில் அது என்று நனைத்து, விசிறி மாதிரி சேர்த்துப் பிடித்து மூக்கின் முன் ஆட்டினால் வயலெட்டும் மல்லிகையும் பின்வாங்கி நடுவில் டீயின் சாயல் எட்டிப் பார்க்கும். மிமிக்ரிக்காரர் பிடித்த இழுவையும் செருமலும் இவைதான். சும்மா தோராயமாகப் பிடித்தவையும் இல்லை. ஒன்று இலைக்குள்ளேயே இருப்பது, மற்றது இலைக்குள் இருப்பதன் உறவினர்.

இதற்கு இன்னொரு பக்கபலமும் உண்டு. மல்லிகை டீ சீனாவின் ஃபுஜோ பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த சரக்கு. மாலையில் பறித்த மல்லிகை மொட்டுகளை உலர்ந்த க்ரீன் டீ இலைகளோடு கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு விரிய விரிய அந்த மணத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பூவை அகற்றிவிடுவார்கள். இதைக் குடித்துப் பழகிய கோடிக்கணக்கானவர்களின் நினைவில் டீயும் மல்லிகையும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் பதிந்திருக்கின்றன. கலைஞர் அந்த நினைவையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்.

சுருக்கினால்: டீயின் மணத்தில் உண்மையாகவே இருக்கும் இரண்டு கோடுகளைப் பெரிதாக்கி வரைந்த படம்தான் டீ அக்கார்டு. அந்தப் பொருட்கள் ஆய்வகத்தில் தயாரானவை. அதனால் படம் பொய்யாகிவிடாது. ஆனால் அதில் டீ இலை இல்லை என்பதும் உண்மை.

மேலே எலுமிச்சை, கீழே மஸ்க்

அக்கார்டு மட்டும் இருந்தால் சென்ட் ஆகாது. என் காகிதத்தில் முதலில் எழுந்தது எலுமிச்சைத் தோல் என்று சொன்னேன் இல்லையா, அது பெரும்பாலும் பெர்கமாட். இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் அதிகமாக விளையும் எலுமிச்சை இனப் பழம் அது. ஏர்ல் க்ரே டீயின் மணம் இந்தப் பழத்தின் தோல் எண்ணெயில் இருந்து வருவது. அதனால் பெர்கமாட் பட்டவுடனே பலருக்கு டீ நினைவு தானாக வந்துவிடுகிறது. க்ரீன் டீயில் பெர்கமாட் இல்லை, ஆனாலும் அது டீயின் வாசல் மணியை அடித்துவிடுகிறது. கொஞ்சம் குறும்பான உத்தி என்பேன், தவறென்று சொல்ல மாட்டேன்.

பச்சை வாசத்துக்கு வெட்டிய புல்லை நினைவூட்டும் பொருட்களைச் சேர்ப்பார்கள். புல்லையோ இலையையோ கசக்கினால் கிளம்பும் அந்த வாசம் பெரும்பாலும் 'இலை ஆல்கஹால்' என்ற சிறிய மூலக்கூறுடையது. இலை காயப்படும்போது விடுகிற மூச்சு அது, டீ இலையிலும் உண்டு. சிலர் கூடவே ஏலக்காய், கொத்தமல்லி விதை, மிளகு என்று கொஞ்சம் காரமும் தூவுவார்கள்.

சென்ட் உலகில் 'நோட்' என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு சென்டில் நாம் தனித்து அடையாளம் காணும் மணம் ஒவ்வொன்றும் ஒரு நோட். முதலில் வருவது மேல் நோட், நடுவில் நிற்பது நடு நோட், கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது அடி நோட். இதில் மர்மம் எதுவும் இல்லை, பெரும்பாலும் எடைதான் காரணம். லேசானது சீக்கிரம் பறக்கும். இலை ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 100. எலுமிச்சை வகைகளின் லிமோனீன் 136. பீட்டா-அயனோன் 192. ஹெடியோன் 226. அடியில் போடும் மஸ்க் (கஸ்தூரி மணம்) வகைகளில் பரவலான கேலக்ஸோலைடு 258. இந்த எண்களை வரிசையாகப் படித்தால் ஒரு க்ரீன் டீ சென்டின் நாள் முழுக்க கண்முன் வந்துவிடும். புல்லும் எலுமிச்சையும் கால் மணி நேரத்தில் மூட்டை கட்டும், டீ சில மணி நேரம் உட்கார்ந்திருக்கும், மாலையில் சட்டைக் காலரில் துவைத்த துணி மாதிரி மஸ்க் மட்டும் மிஞ்சும்.

"க்ரீன் டீ சென்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்கு விடை இங்கே இருக்கிறது. நாம் 'க்ரீன் டீ' என்று விரும்பிய அந்தப் பச்சைக் குளிர்ச்சியைத் தருபவை பட்டியலில் மிக லேசானவை. அவற்றை நெடுநேரம் நிற்க வைக்கக் கனமான பொருட்களைக் கொட்டினால், நிற்கும், ஆனால் க்ரீன் டீயாக நிற்காது.

ஏன் எல்லோரும் இதைச் செய்யத் தொடங்கினார்கள்

1980-களின் பிரபல சென்ட்கள் அறைக்குள் ஆள் வருவதற்கு முன்பே மணம் வந்து நிற்கிற ரகம். அடுத்த பத்தாண்டில் காற்று மாறியது. கால்வின் க்ளைனின் 'சிகே ஒன்' 1994-ல் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான சென்டாக வந்தது, அதிலும் க்ரீன் டீ ஒரு நோட். 1999-ல் எலிசபெத் ஆர்டன் நிறுவனத்துக்காக ஃப்ரான்சிஸ் குர்க்ஜியான் செய்த 'க்ரீன் டீ' நேராகப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டது. புல்காரியும் பின்னால் ஒயிட் டீ, ரெட் டீ என்று வரிசையை நீட்டியது. இவற்றில் ஒயிட் டீயின் இலை உண்மையில் மிக மெல்லிய மணம் கொண்டது. 'ஒயிட் டீ' என்று ஹோட்டல் வரவேற்பறைகளிலும் மெழுகுவர்த்திகளிலும் மணப்பது பெரும்பாலும் வெண்மை என்ற எண்ணத்தின் மணம்தான். மஸ்கும் பூவும் சேர்ந்த ஒரு வெள்ளைத் துண்டு.

ஜப்பானிய மாட்சா (பொடியாக அரைத்த க்ரீன் டீ) என்று பெயர் போட்டவை வேறு சாதி. அவற்றில் பால், வனிலா என்று இனிப்பைச் சேர்த்து, டீயை ஒரு பலகாரமாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிடுகிறேன்.

என் மூக்கு வேறு, உங்கள் மூக்கு வேறு

ஒரே காகிதத் துண்டை இரண்டு பேரிடம் நீட்டினால் ஒருவர் "பூ மாதிரி இருக்கிறது" என்பார், அடுத்தவர் "புளிப்பா ஏதோ இருக்கு, வினிகர் மாதிரி" என்பார். இது ரசனை வித்தியாசம் என்று நினைத்து வாதாடுவோம். பீட்டா-அயனோன் விஷயத்தில் அது மரபணு வித்தியாசம். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, OR5A1 என்ற ஒற்றை ஏற்பியின் மரபணுவில் வரும் ஒரு சின்ன எழுத்து மாற்றம்தான் இந்த மூலக்கூறை ஒருவர் எவ்வளவு நுட்பமாக உணர்கிறார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. கூர்மையாக உணர்பவர்களுக்கு அது நறுமணம், பூ. உணராதவர்களுக்கு அளவு கூடும்போதுதான் தெரிகிறது, அப்போதும் புளிப்பாக, காரமாக.

டீ அக்கார்டின் பாதி முதுகெலும்பே அந்த மூலக்கூறு என்பதை நினைத்துப் பாருங்கள். அதை உணராத ஒருவர் க்ரீன் டீ சென்டை முகர்ந்தால் எலுமிச்சையும் மல்லிகைக் காற்றும் மட்டும் கிடைக்கும், டீ என்ற படம் விழவே விழாது. "இதில் எங்கே டீ?" என்று அவர் கேட்பது பிடிவாதம் இல்லை. அவர் மூக்குக்கு அங்கே டீ இல்லை.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால்

பல பாட்டில்களின் பின்புறம் மூலப்பொருள் பட்டியலில் 'கமேலியா சினென்சிஸ் இலைச் சாறு' என்று இருக்கும். "பார், டீ இருக்கிறதே!" என்று தோன்றும். இருக்கிறதுதான். ஆனால் அது பெரும்பாலும் கிரீம், லோஷன்களில் சேர்க்கிற, மணம் என்று பெரிதாக எதுவும் இல்லாத சாறு. பெயருக்கு நியாயம் சொல்லவும் பட்டியலுக்கு அழகு சேர்க்கவும் உதவும். நீங்கள் முகர்கிற டீ முழுக்க அதே பட்டியலில் 'பர்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அயனோனும் ஹெடியோனும் மஸ்கும் தனித்தனியாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. லிமோனீன், லினலூல், சிட்ரால் மாதிரி சில பெயர்கள் மட்டும் தனியே தெரியும், ஏனென்றால் சிலருக்குச் சருமத்தில் ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பிய விதிகள் அவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால் இந்த லினலூல் டீ இலையிலும் இயல்பாக இருக்கிறது. 'இயற்கை என்றால் சாது, ஆய்வகம் என்றால் ஆபத்து' என்று கோடு கிழிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் உதவாது.

வாங்குவதற்கு முன் காகிதத்தில் அடித்து உடனே முடிவெடுக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பேசுவது பெர்கமாட், அது எல்லா பாட்டிலிலும் ஏறத்தாழ ஒரே பேச்சுதான் பேசும். ஒரு இருபது நிமிடம் கழித்து முகருங்கள். இடையே சட்டைக் கையையோ, மணமில்லாத ஏதாவது துணியையோ முகர்ந்து மூக்குக்கு ஓய்வு கொடுங்கள். அயனோன் விஷயத்தில் மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும், இருக்கிற மணம் இல்லாதது போலத் தோன்றித் திரும்ப வரும்.

என் மேசைக்கே திரும்பி வருகிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தச் சோதனையை இன்னொரு முறை செய்தேன். இந்த முறை டீ போடவில்லை. காகிதத்தில் சென்டை அடித்து, எலுமிச்சை அடங்கட்டும் என்று இருபது நிமிடம் விட்டேன். பிறகு உலர்ந்த இலை இருக்கிற டின்னின் மூடியைத் திறந்து, காகிதத்தை அதன் விளிம்பில் சாய்த்து வைத்துக் குனிந்தேன். வெந்த கீரை இல்லை, கடற்பாசி இல்லை. டின்னுக்குள் இருந்து அதே பொடிப்பொடியான இனிப்பு, காகிதத்தில் இருந்தும் அதே இனிப்பு, டின்னில் கொஞ்சம் வைக்கோல் கூடுதல், காகிதத்தில் கொஞ்சம் காற்று கூடுதல். எல்லெனா முகர்ந்ததும் டின்னைத்தான். அவர் வரைந்த படத்தை நான்தான் இத்தனை நாளாகக் கப்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.